மின்சார வண்டியும் பொது வீதியும்

மின்சார வண்டி வரலாமா வேண்டாமா என்கின்ற வாதத்திற்கு இனி இடமில்லை. அது வந்தேவிட்டது. ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் மின்சார ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்படுகின்றன. சென்னையில் 2025 ஜூன் 30-ந் தேதி 120 மின்சாரப் பேருந்துகள் வீதிக்கு விடப்பட்டன. அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தூத்துக்குடியில் மின்சாரக் கார் தொழிற்சாலையும் திறக்கப்பட்டாய்விட்டது. ஆகவே இப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த வண்டிகளுக்காக ஊரைத் தயார் செய்யும்போது அது யாருக்காகத் தயார் செய்யப்படப் போகின்றது என்பதுதான்.

சர்க்கார் 2023-ல் வெளியிட்ட மின்சார வாகனக் கொள்கையில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறு ஊர்களை மின்வாகன நகரங்களாக்குவதாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. நல்ல காரியம்தான். ஆனால் மார்த்தாண்டம் போன்ற ஊர்களின் கதி என்ன? குழித்துறை முனிசிபாலிட்டிக்குள் அடங்கிய இச்சிறிய ஊருக்கு விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஜனங்களெல்லாம் சந்தைக்கும், வைத்தியத்திற்கும், படிப்பிற்கும் தினந்தோறும் வந்து போகின்றார்கள். வீதியோ குறுகலானது. நெரிசலைப் போக்குவதற்கென்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்தில் இரும்புப் பாலம் கட்டி 2018-ல் போக்குவரத்திற்கு விட்டார்கள். தூரப் பிரயாணிகள் மேலே பறக்கின்றார்கள். பாலத்தின் கீழே கடை வைத்திருப்பவனும், ஆட்டோ ஓட்டுகின்றவனும், பஸ்ஸிற்குக் காத்து நிற்கும் பெண்களும் புகையைச் சுவாசித்துக்கொண்டு நிற்கின்றார்கள். புகையில்லாத வண்டி யாருக்கு முதலில் வேண்டுமென்றால் இவர்களுக்குத்தான் வேண்டும்.

நிற்க, இவ்வண்டிக்கு உயிர் மின்சாரம். சொந்த வீடும், முன்னால் கார் நிறுத்த இடமும் உள்ளவன் இரவில் சுவரில் சொருகிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். வாடகை வீட்டிலோ, மூன்று சென்ட் குடிசையிலோ இருந்துகொண்டு வண்டியை வீதியோரத்தில் நிறுத்துகின்ற ஆட்டோக்காரன் எங்கே போய்ச் சொருகுவான்? ஓர் ஆட்டோவின் பாட்டரி நிரம்புவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 யூனிட் வரை போதும். 3 கிலோவாட் கொடுக்கும் ஒரு சாதாரணப் பெட்டியில் மூன்று, நான்கு மணி நேரத்தில் அது ஏறிவிடும். கார்களுக்கென்று வைக்கப்படும் 60 கிலோவாட் விரைவு யந்திரம் ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் ஒரே சமயத்தில் 20 ஆட்டோக்களுக்குச் சார்ஜ் ஏற்றலாம். அப்படியிருக்க, பெரிய ஓட்டல் வாசலில் அந்த ஒரு யந்திரத்தை வைத்துவிட்டு ஊர் தயாராகிவிட்டது என்று சொன்னால், யாருடைய ஊர் தயாராயிற்று என்று கேட்கின்றோம்.

வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மார்த்தாண்டத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் களியக்காவிளை எல்லை. அதற்கப்பால் கேரளத்தில், அவர்களுடைய மின்சார வாரியம் 2021-ல் கோழிக்கோட்டில் வீதி மின்கம்பங்களிலேயே பெட்டிகளைப் பொருத்தி, ஆட்டோக்களும் இரு சக்கர வண்டிகளும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்படி பரீட்சை செய்து பார்த்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் அதை விரித்தது. கம்பம் ஏற்கெனவே நிற்கின்றது, கம்பியும் இருக்கின்றது, பணத்தைக் கைபேசியில் கட்டிவிடலாம். அங்கே முடிந்தது இங்கே முடியாதென்பதற்கு என்ன காரணம் இருக்கின்றது?

“மின்சாரம் போதாது” என்று சிலர் சொல்லக்கூடும். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் வரிசை வரிசையாய்ச் சுற்றுவதும், கோதையாற்றுத் தண்ணீரில் 100 மெகாவாட் உற்பத்தி செய்யும் நிலையங்கள் இருப்பதும் இதே ஜில்லாவில்தான். உண்மையான குறை உற்பத்தியில் இல்லை, தெருக்கோடியில் இருக்கின்றது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றின் கீழே வீடுகளும் கடைகளும் நிறைந்திருக்க, ஒரு விரைவு யந்திரத்தையும் அதில் மாட்டினால் பாதிக்கு மேல் அதுவே விழுங்கிவிடும். பிறகு விளக்கு மங்கும், பியூஸ் போகும். பழி மின்சார வண்டியின் மேல் விழும். ஆகவே முதலில் பலப்படுத்த வேண்டியது டிரான்ஸ்பார்மரையும் கம்பியையுமே. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயலில் இந்த ஜில்லாவில் கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல நாள் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று விளக்கு மாத்திரந்தான் அணைந்தது. நாளை வண்டியும் நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போக வழியிராது. எனவே முக்கியமான இடங்களுக்காவது கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோக வேண்டும்.

“தனியார் முதலாளிகள் வந்து செய்து கொள்ளுவார்கள்” என்பது மற்றொரு சமாதானம். லாபம் உள்ள இடத்திற்குத்தான் முதலாளி வருவான். ஆட்டோ ஸ்டாண்டிற்கு அவன் ஏன் வரப் போகின்றான்? இந்தத் திருவிதாங்கூர்ச் சீமையிலே, கோவிலைச் சுற்றியுள்ள பொது வீதியில் மனிதன் நடப்பதற்கே 1924-ல் வைக்கத்தில் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. இன்று வீதியில் நடப்பதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் பொது வீதியின் சௌகரியம் பணமுள்ளவனுக்கு மாத்திரம் என்று ஏற்பட்டுவிட்டால், அதுவும் ஒருவிதத் தடையேயாகும்.

ஆதலால் நாம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டிலும், பஸ் நிலையத்திலும், சந்தையிலும் கம்பப் பெட்டிகள் வைக்க வேண்டும். வீட்டில் ஏற்றுகின்றவன் கொடுக்கும் விலைக்கு மேல் வீதியில் ஏற்றுகின்ற ஏழையிடம் வாங்கக் கூடாது. புதிதாகக் கட்டும் வாடகை வீடுகளுக்கும் கடைகளுக்கும் அனுமதி கொடுக்கும்போதே சார்ஜ் வசதிக்கு இடம் விடச் செய்ய வேண்டும். பெட்ரோல் வண்டியை மாத்திரம் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்குப் பாட்டரி வேலையைச் சர்க்கார் செலவில் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் பிழைப்பு போய்விடும்.

தோழர்களே! புது வண்டி வாங்கினவுடன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோம். ஒரு கூடைப் பழம் நசுக்கினாலும் பாட்டரியில் ஒரு யூனிட்டும் ஏறாது. கம்பத்தில் பெட்டி இருந்தால் ஏறும். அந்தப் பெட்டி வரவேண்டுமானால் கிராமத்தார் கிராம சபையிலும், நகரத்தார் தங்கள் கவுன்சிலரிடமும் எழுந்து கேட்க வேண்டும். தீர்மானமாக எழுதி வாங்க வேண்டும். கேட்காதவனுக்கு எதுவும் தானாக வந்ததில்லை.