கண்ணளவு வேண்டாம், 20 மி.லி. போதும்!

‘அப்பா ஆயில் ஊற்றியிருப்பார்’ என்று மகன் நினைக்க, ‘மகன் ஊற்றியிருப்பான்’ என்று அப்பா நினைக்க, வெறும் பெட்ரோலோடு படகு கடலுக்குப் போய்விடும். அங்கேதான் ஆபத்து!

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு சேர்ந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு. அது இல்லாவிட்டால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். நடுக்கடலில் துடுப்புதான் கதி. ‘கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே?’ என்பதும் தப்பு. புகை கக்கும், கரி படியும், பிளக் கெடும்.

பல இன்ஜின்களுக்கு 50:1 கணக்கு. லிட்டருக்கு 20 மி.லி., 10 லிட்டருக்கு 200 மி.லி. புது இன்ஜினுக்கு ஆரம்பத்தில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். உங்கள் இன்ஜின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ, அதுவே சரியான அளவு.

பைக் ஆயில் வேண்டாம். ‘டி.சி.-டபிள்யூ3’ என்று அச்சிட்ட படகு இன்ஜின் ஆயிலையே வாங்குங்கள்.

கேனில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில். மூடிக் குலுக்கிவிட்டு மீதி பெட்ரோல். திறந்த வெளியில், பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் கலக்க வேண்டும்.

கலந்த கையோடு தேதியையும் அளவையும் கேன் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். அடுத்து கேனைத் தூக்குபவருக்குச் சந்தேகமே வராது.