நூறு தண்டால் எடுத்தால் போதுமா?

தை பிறக்கப் பல வாரங்கள் இருக்கும்போதே அலங்காநல்லூர்ச் சுற்றுவட்டார வாலிபர்களுக்குத் தேகப் பயிற்சியில் ஒரு வேகம் வந்துவிடும். அவனியாபுரம், பாலமேடு முடிந்ததும் அலங்காநல்லூர் வாடிவாசல் திறக்கும் அல்லவா? தோப்பிலும் கண்மாய்க் கரையிலும் தண்டால், பஸ்கி நடக்கும். "எத்தனை எடுத்தாய்?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

அந்தக் கேள்வியே அரைகுறையானது. எதை எடுத்தான், எவ்வளவு பளுவில் எடுத்தான் என்பது தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

100 கிலோவை ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோவை அவர் ஏறக்குறைய எட்டு, பத்து தடவை தூக்குவார். 60 கிலோ என்றால் இருபதையும் தாண்டலாம். பளு குறையக் குறைய எண்ணிக்கை ஏறும், பலம் அதேதான். இன்னொரு வேடிக்கை: அவரவர் உச்ச பளுவில் அதே 60 சதவீதத்தை வைத்தாலும், தோளில் பளு தாங்கி உட்கார்ந்து எழுவதில் வரும் எண்ணிக்கை, கையை மடக்கித் தூக்குவதில் வராது. தொடையும் இடுப்பும் பெரிய தசைகள். முன்கையை மடக்கும் தசை சிறியது, சீக்கிரம் களைத்துவிடும்.

தண்டாலையே பாருங்கள். கால்விரலை ஊன்றி எடுத்தால் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில் விழுகிறது. முழங்காலை ஊன்றினால் பாதிதான். 80 கிலோ ஆள் எடுக்கும் ஐம்பதும் 55 கிலோ ஆள் எடுக்கும் ஐம்பதும் எப்படி ஒன்றாகும்?

நம் பாட்டனார்களுக்கு இது தெரிந்தே இருந்தது. இளவட்டக்கல்லை நூறு தடவை தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு தடவை தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட்டால் போதும், ஊர் ஒப்புக்கொண்டது. 2014-ல் கிளாஸ்கோவில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 328 கிலோ கணக்குக் காட்டித் தங்கம் வாங்கினாரே, அதுவும் ஸ்நாட்சில் ஒரு தூக்கல், கிளீன் அண்டு ஜெர்க்கில் ஒரு தூக்கல், இரண்டையும் கூட்டியதுதான்.

வாடிவாசலிலும் நிலைமை அதுவே. திமிலைக் கட்டிப்பிடித்து மூன்று துள்ளல் தாங்க வேண்டும். சில விநாடிக் காரியம். பிடியும் முதுகும் தொடையும் ஒரே சமயத்தில் முழுப் பலத்தைக் கொடுக்க வேண்டிய காரியம். இருநூறு தண்டால் எடுப்பவருக்கு மூச்சும் தாக்குப்பிடிக்கும் திறனும் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் துள்ளலுக்கு வேண்டியது, ஐந்தாறு தடவைக்கு மேல் தூக்க முடியாத பளுவிலும், கனத்த மூட்டையை இறுகக் கட்டித் தூக்கி நடப்பதிலும்தான் கிடைக்கும். அதையும் இடுப்பு வளைந்து, முழங்கை நடுங்கும் வரை இழுக்காமல் நிறுத்துகிற வாலிபர்தான் தை மாதத்தில் சுளுக்கில்லாமல் வாடிவாசலுக்கு வந்து சேருவார்.