திருடனைத் தயார் செய்யும் படிப்பா?

சைபர் பாதுகாப்பு, அந்தரங்கக் காப்பு என்னும் விஷயங்களில் மேல்பட்டம் பெற இப்போது சர்வகலாசாலைகளில் அநேகர் படிக்கிறார்கள். அதில் அயலான் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழியும் பாடமாக இருப்பது கண்டு, “இது திருடனைத் தயார் செய்யும் படிப்பல்லவா?” என்று சில பெரியவர்கள் கூப்பாடு போடுகிறார்கள். நாம் கேட்கிறோம்: திருடன் என்றைக்காவது பட்டம் வாங்கும் வரை காத்திருந்தானா?

வழியை மூடிவைத்தால் பத்திரம் என்பது வெறும் மூடநம்பிக்கையேயாகும். சங்கேத முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கெடுதியில்லாதிருக்க வேண்டும், சாவி மாத்திரம் ரகசியமாயிருந்தால் போதும் என்று கெர்க்கோஃப்ஸ் என்பவர் 1883-ம் வருஷத்திலேயே எழுதிவிட்டார். 1997-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தரநிர்ணய ஸ்தாபனம் புதிய சங்கேத முறை வேண்டுமென்று உலகத்தாரையெல்லாம் அழைத்தது. ஏற்றுக்கொண்ட 15 முறைகளையும் பகிரங்கமாக வைத்து, உடைக்கக் கூடியவர்கள் உடைத்துப் பார்க்கலாமென்று விட்டது. கெட்டிக்காரர்கள் பலர் மோதிப் பார்த்த பிறகே, பெல்ஜியத்தார் இருவர் செய்த ரைன்டால் என்பது 2000-ல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்படி மோதியவர்கள் திருடர்களா? உடைக்கப் படித்தவர்களல்லவா?

அனுமதியின்றிப் பிறர் கம்ப்யூட்டரைத் தொடுவது குற்றமென்பதும் அதே வகுப்பில்தான் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. இதை இப்பெரியவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை. இன்று பாங்கிகளின் கணக்கு வழக்குகளைப் பெரும்பாலும் காத்து நிற்பதும் அந்த ரைன்டால்தான். பாடத்தை நிறுத்தச் சொல்லுகிறவர்கள் முதலில் தங்கள் பாங்கிக் கணக்கை மூடிவிட்டு வரட்டும், பிறகு பேசுவோம்.