'இருக்கிறதுக்கு நன்றி சொல்லுங்க'ன்னா கோபம் வருதா? அப்போ இதைப் படிங்க!

மாசக் கடைசி. இ.எம்.ஐ. மெசேஜ் வந்தாச்சு. அப்ரைசலில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ஊரில் அப்பாவுக்கு மருத்துவச் செலவு. இந்த நேரத்தில் யாராவது வந்து, "இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படுங்க" என்றால் எரிச்சல் வருமா, வராதா? கண்டிப்பா வரும். அந்த எரிச்சல் நியாயமானதும்கூட.

ஆனால், நன்றியுணர்வு என்பது கஷ்டத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை இல்லை. அப்படியென்றால் அது என்ன?

2019-ஐ மறந்துட்டோமா?

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டுபோயின. தெருமுனைகளில் லாரிக்காகக் குடங்கள் வரிசைகட்டின. ஓ.எம்.ஆரில் சில ஐடி நிறுவனங்கள், வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஊழியர்களிடம் கூறின. ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தது.

அந்த நாட்களில் ஒரு பக்கெட் தண்ணீரின் அருமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அரிசி கழுவிய தண்ணீர்கூட செடிக்குப் போனது. அப்புறம் மழை வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. நாமும் பழையபடி குழாயைத் திறந்துவிட்டு பல் தேய்க்க ஆரம்பித்துவிட்டோம்.

ஏன் இப்படி?

நாம் மோசமானவர்கள் என்பதால் இல்லை, மனதின் இயல்பே அதுதான். நல்லதோ கெட்டதோ, எதுவும் கொஞ்ச நாளில் பழகிப்போகும். பிரிக்மேன், கேம்ப்பெல் என்ற இரு உளவியலாளர்கள் 1971-லேயே இதை ஓடிக்கொண்டே இருக்கும் டிரெட்மில்லுக்கு ஒப்பிட்டார்கள். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்த அன்றைய சந்தோஷம், ஆறாவது மாதம் எங்கே போனது என்று யோசித்தால் புரியும்.

கிடைத்தது பழகிவிடும், கிடைக்காததோ உறுத்திக்கொண்டே இருக்கும். எனவே, பழகிப்போனதைப் பார்க்கக் கொஞ்சம் முயற்சி வேண்டியிருக்கிறது.

எழுதி வைத்தால் மாறுமா?

அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ 2003-ல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களில் ஒரு குழுவினர் நன்றிக்குரிய விஷயங்களை வாரம் ஒருமுறை எழுதினார்கள், அதிகபட்சம் ஐந்து. இன்னொரு குழுவினர் அன்றாடத் தொல்லைகளை எழுதினார்கள். 10 வாரங்களுக்குப் பிறகு, நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கூடுதல் நம்பிக்கையோடு பார்த்தார்கள். நரம்பு-தசை நோயோடு வாழ்பவர்களிடமும் 21 நாட்கள் இதைச் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய மனநிலை மேம்பட்டது. கூடுதல் நேரம் தூங்கியதாகவும் சொன்னார்கள். அவர்களுடைய நோய் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். கஷ்டம் இருந்த இடத்திலேயே இருந்தது, கண்ணில் பட்டவை மட்டும் கூடின.

இது மருந்துக்கு மாற்று கிடையாது. மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் நோட்டுப் புத்தகம் போதாது, மருத்துவரைப் பாருங்கள். அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு!

"வேலைன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கே சந்தோஷப்படு." ஓவர்டைம் காசு கேட்டால் இப்படிச் சொல்லி வாயை அடைப்பவர்கள் உண்டு. நன்றி என்ற சொல்லை இதைவிட மோசமாகப் பயன்படுத்த முடியாது.

திருக்குறளின் 11-வது அதிகாரத்தின் பெயரைக் கவனியுங்கள்: செய்ந்நன்றி அறிதல். சொல்லுதல் இல்லை, 'அறிதல்'. யார் நமக்கு என்ன செய்தார்கள் என்று தெரிந்துவைத்திருப்பது. குழாயில் தண்ணீர் வருகிறது என்றால், அதிகாலையில் வால்வு திறக்கும் ஊழியரும், கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுப்பவரும் அதன் பின்னால் இருக்கிறார்கள். அதை அறிந்தவர், அவர்களுக்குப் பாதுகாப்புக் கருவியும் நியாயமான சம்பளமும் கிடைக்கிறதா என்றும் கேட்பார். அதனால், நன்றியோடு இருப்பவர் கேள்வி கேட்கக் கூடாது என்பது சுத்தப் பொய்.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

* வாரம் ஒரு நாள் போதும். மூன்று விஷயங்களை போன் நோட்ஸில் எழுதுங்கள். 'குடும்பம்' என்று பொதுவாக எழுத வேண்டாம். 'செவ்வாய்க்கிழமை லேட்டா வந்தப்போ அம்மா தோசை சுட்டுக் கொடுத்தாங்க' என்று எழுதுங்கள்.

* மூன்றில் ஒன்றாவது உங்களுக்கு முன்பின் தெரியாதவர் செய்ததாக இருக்கட்டும்.

* எழுதவே தோன்றாத வாரம் வந்தால் விட்டுவிடுங்கள். வலுக்கட்டாயமாக எழுதினால் அதுவும் இன்னொரு டெட்லைன் ஆகிவிடும்.

எழுதியதில் ஒன்றை மட்டும் அந்த நபரிடமே நேரில் சொல்லிப் பாருங்கள். உங்கள் இ.எம்.ஐ. அப்படியேதான் இருக்கும். ஆனால், தான் செய்ததை ஒருவர் கவனித்தார் என்ற நிம்மதி அவருக்குக் கிடைக்கும்.