மிஞ்சிய பனங்களியை வீசாதீர்கள்



ஆவணி, புரட்டாதி பனம்பழம் விழும் காலம். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவரும் நாலைந்து பழங்களைப் பிசைந்தாலே, களுபோவிலயில் இருக்கும் சிறு குடும்பத்துக்கு ஒரே நாளில் முடிக்க இயலாத அளவு களி கிடைக்கும். ஊரில் என்றால் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்குவோம். மாடிவீட்டில் முற்றம் ஏது? காய்ச்சி வைப்பதே வழி.

வடித்த களி 1 கோப்பைக்குச் சீனி அரைக் கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை. அடிப்பிடிக்காமல் கிண்டி, பச்சை வாசம் போய்த் தடித்ததும் இறக்குங்கள். கைப்பும் குறையும். ஆறியபின் சிறு பைகளில் இட்டு ஃபிரீசரில் வையுங்கள்.

பணியாரம்: களியுடன் கோதுமை மாவும் வறுத்த அரிசி மாவும் சேர்த்து, கிள்ளி எண்ணெயில் விடும் பதத்துக்குக் குழையுங்கள்.

ரொட்டி: மாவுடன் 2 மேசைக்கரண்டி களியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துச் சுடுங்கள்.

கேக்: வாழைப்பழக் கேக்கில் பாதிப் பழத்துக்குப் பதிலாகக் களி சேர்க்கலாம். சீனியைக் குறையுங்கள்.

தனியே குடும்பம் நடத்தும் சகோதரிகள் சிலர் பணியாரம் சுட்டு அயலில் விற்கிறார்கள். "பழம் சும்மா வந்ததுதானே" என்று விலையைக் குறைத்துவிடுகிறார்கள். மா, சீனி, எண்ணெயோடு எரிவாயுச் செலவையும் கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் அடுப்படியில் நின்ற மணித்தியாலங்களையும் எழுதுங்கள். உங்கள் உழைப்பு சும்மா வந்ததல்ல.