கடைச் சரக்கும் இன்ஷியூரன்ஸ் பாலிஸியும்

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய பெஞ்சல் புயல், கரையேறிய பின்னரும் பல மணி நேரம் இடம் பெயராது நின்று மழையைக் கொட்டிற்று. மறுநாட் காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கடைத்தெருக்களும் பஸ் நிலையமும் நீரில் நின்றன. டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தை எட்டும்படி வெள்ளம் ஏறியமையால் ரயில்கள் நின்றன. அரசூரில் நெடுஞ்சாலையே வெள்ளத்தினடியிற் போயிற்று. இவை நேயர்கள் மறந்திருக்கக் கூடியவை அல்ல.

சர்க்கார் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தனர். குடிசைக்கும் பயிருக்கும் கால்நடைக்கும் ஈட்டுத் தொகை கூறினர். அதனை நாம் குறைவாகப் பேசவில்லை. ஆனால் நனைந்துபோன அரிசி மூட்டையையும் சேறு படிந்த ஜவுளிக் கட்டையும் எண்ணிப் பார்த்து அதற்கு ஈடு கட்டுவது நிவாரணத்தின் வேலையன்று. அந்த வேலைக்கென்று ஏற்பட்டிருப்பது இன்ஷியூரன்ஸ். அது நம் ஜில்லாவின் வர்த்தகர்களிடத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தை கூற விரும்புகிறோம்.

இன்ஷியூரன்ஸ் அறவே இல்லாத கடைகள் பல உண்டு. அவற்றைப் பற்றிப் பேச அதிகமில்லை; இல்லை என்பது அக்கடைக்காரருக்கே தெரியும். நமக்குக் கவலை தருவது, இன்ஷியூரன்ஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் கடைகளே. பாங்கியில் கடன் வாங்கும்போது சரக்கை ஈடாகக் காட்டுகிறார்கள். ஈடாக வைத்த சரக்குக்குப் பாலிஸி வேண்டுமென்று பாங்கிக்காரர் சொல்லுகிறார். எங்கெங்கோ கையெழுத்து விழுகிறது. பிரீமியம் கணக்கிலிருந்து தானே கழிந்துபோகிறது. வர்த்தகர் அந்தப் பத்திரத்தைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பார்த்தவர்களிலும் படித்தவர் எத்தனை பேர்? கடன் எவ்வளவோ அவ்வளவுக்குத் தொகை எழுதப்பட்டிருக்கும். அதாவது அப்பத்திரம் பாங்கியின் பணத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டதேயன்றி, வர்த்தகரின் முதலைக் காப்பதற்காக எழுதப்பட்டதன்று. நஷ்டம் நேர்ந்து பணம் வந்தாலும் பாலிஸியிலுள்ள பாங்கி ஷரத்தின்படி அது முதலில் பாங்கிக்கே போய்ச் சேரும்.

இதனால் விளையும் கேடு என்ன? ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் கடையில் 20 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. பாலிஸி 10 லட்சத்துக்கு. வெள்ளத்தில் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு வீணாயிற்று. 10 லட்சத்துக்கு எடுத்திருக்கிறோமே, 4 லட்சமும் வரும் என்று அவர் எண்ணுவார். வராது. சரக்கில் பாதிக்குத்தான் நீர் பிரீமியம் கட்டினீர், மற்றப் பாதிக்கு நீரே உமக்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனி என்று கம்பெனியார் சொல்லி, 2 லட்சம்தான் கணக்கிடுவர். அதிலும் பாலிஸியில் வர்த்தகரே ஏற்கவேண்டுமென்று எழுதியிருக்கும் சிறு பகுதியைக் கழித்துக்கொள்ளுவர். இந்த விகிதாசார ஷரத்து கம்பெனியாரின் சூழ்ச்சியன்று. உலகெங்கும் தீ இன்ஷியூரன்ஸில் வழங்குவது. முழு மதிப்புக்குப் பிரீமியம் கட்டியவரும் பாதிக்குக் கட்டியவரும் ஒரே ஈட்டைப் பெறுவது நியாயமாகாது என்பது அதன் காரணம். நியாயம் சரியே. அதை முன்கூட்டிச் சொல்லாமல், நஷ்டம் நேர்ந்த பிறகு சொல்லுவதுதான் நியாயமன்று.

2021-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் இன்ஷியூரன்ஸ் அதிகார சபையார் சிறு தொழில்களுக்கென்று ஒரே மாதிரியான பாலிஸிகளை நாடெங்கும் ஏற்படுத்தினார்கள். ஓரிடத்திலுள்ள சொத்தின் மதிப்பு 5 கோடிக்கு மேற்படாதவர்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்றும், அதற்கு மேல் 50 கோடி வரையில் ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’ என்றும் பெயர். கடைத்தெருவில் இப்பெயர்களை உச்சரிக்கக்கூடியவர் சிலரே என்பது வேறு விஷயம். நம் இரு நகரங்களிலும் ஏறக்குறைய எல்லாக் கடைகளும் அரிசி ஆலைகளும் முன்னதற்குள் அடங்கும். தீ, இடி, புயல், வெள்ளம் முதலியவை அதிலேயே சேர்ந்திருக்கின்றன. மதிப்பு 15 சதவீதம் வரையில் குறைவாக எழுதப்பட்டிருந்தால் அதைக் கம்பெனியார் பொருட்படுத்தலாகாது என்ற விதியும் உண்டு. இது நல்ல மாறுதல். முந்திய பாலிஸியில் சிறிது பிரீமியம் குறையுமென்று புயல், வெள்ளப் பகுதியையே அடித்துவிட்டு எடுத்துக்கொள்ள இடமிருந்தது. வறண்ட ஊருக்கு வெள்ளம் எங்கே வரப்போகிறது என்ற எண்ணத்தில் அவ்வாறு செய்தவர்களும் உண்டு. ஆயினும் 15 சதவீதச் சலுகை பாதிக்குப் பாதி குறைத்து எழுதியவருக்கு உதவாது.

கம்பெனியார் பிரீமியத்தை எவ்வாறு தீர்மானிக்கிறார்கள் என்பதை வர்த்தகர் அறிந்திருப்பது அவசியம். கடை எத்தொழிலுக்கு உரியது, கட்டடம் காரையா கூரையா, என்ன சரக்கு எவ்வளவு உயரம் அடுக்கப்பட்டிருக்கிறது, பக்கத்துக் கடையில் பட்டாசோ பெயிண்டோ இருக்கிறதா, மின்சாரக் கம்பிகள் எந்த நிலையில் இருக்கின்றன, முன்பு நஷ்டம் கேட்டதுண்டா, ஏரிக்கும் ஓடைக்கும் எவ்வளவு தூரம், இவையெல்லாம் ஆபத்தை எடைபோடும் கற்கள். 2007-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதிக்கு முன் விகிதம் நாடு முழுவதற்கும் கட்டளையாக விதிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடலாயிற்று. ஆகவே, தன் கடையைப் பற்றிச் சொல்ல நல்ல சங்கதி உள்ளவர் அதைச் சொல்லிக் குறைவான விகிதம் கேட்கலாம். கெட்ட சங்கதியையும் சொல்லியே ஆகவேண்டும். இன்ஷியூரன்ஸ் ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. கேட்ட கேள்விக்கு மறைத்துப் பதில் எழுதியது பின்னால் வெளிப்பட்டால் பாலிஸியே செல்லாது போகலாம். அந்த விண்ணப்பத்தை ஏஜண்டே நிரப்பிக் கடைக்காரர் வெறுமே கையெழுத்திடுவது நம் பக்கத்து வழக்கம். தவறு யார் கையால் எழுதப்பட்டாலும், கையெழுத்திட்டவர் தலையில்தான் அது விடியும்.

நம் ஜில்லாவின் வியாபாரத்துக்கென்றே உள்ள சில சிக்கல்களைக் கவனிப்போம். அரிசி ஆலைக்காரரிடம் இருக்கும் நெல்லெல்லாம் அவருடையதன்று. கூலிக்கு அரைக்க வந்த பிறர் நெல்லும் கலந்து கிடக்கும். பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பதாகப் பாலிஸியில் வெளிப்படையாக எழுதியிருந்தாலன்றி அந்த நெல்லுக்கு ஈடு கிடைப்பது அரிது. அறுவடைக் காலத்தில் நெல்லும் மல்லாட்டையும் வந்து குவியும்போது வேறு தெருவில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். பாலிஸியோ கடையின் விலாசத்தை மட்டும் சொல்லுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விலை தீர்ந்த மூட்டைகள் இரண்டொரு நாள் அங்கேயே கிடப்பதுண்டு. திடீரென்று மழை வந்தால் அந்த நஷ்டம் யாருடையது? குடியானவன் விற்றுவிட்டான், வியாபாரி எடுத்துச் செல்லவில்லை. பாலிஸியில் அந்த இடத்தின் பெயரே இல்லை. பல இடத்துச் சரக்கை ஒரே தொகைக்குள் அடக்கும் பாலிஸி இருக்கிறது. ஏறி இறங்கும் சரக்குக்கு உச்ச மதிப்பை எழுதி, மாதந்தோறும் கணக்குக் காட்டி, வருஷ முடிவில் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் முறையும் இருக்கிறது. கேட்பவருக்கு அவை கிடைக்கும். நாம் அறிந்தவரையில் கேட்பவர் சிலரே.

எண்ணெய் ஆலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிண்ணாக்குக் குவியல் தானே சூடேறிப் பற்றிக்கொள்வதை அவர்கள் நன்கு அறிவார்கள். முந்திய தீப் பாலிஸியில் தானே சூடேறி எரிந்த சரக்குக்கு ஈடு கிடையாது. தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்திருக்கவேண்டும். தம்மிடமுள்ள பாலிஸி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அவர்கள் இன்றே பார்ப்பது நலம்.

இன்னொன்று. வெள்ளம் வடிந்த பிறகும் கடை பத்து நாள் திறக்கப்படாவிட்டால் வியாபாரம் போகிறது. வாடகையும் ஆட்களின் சம்பளமும் நிற்பதில்லை. பொருளுக்கான பாலிஸி இந்த லாப நஷ்டத்தைத் தொடாது. அதற்கென்று தனிப் பாலிஸி எடுக்கவேண்டும். சரக்கின் மதிப்பும் வாங்கின விலையைக் கொண்டே கணக்கிடப்படும். தீபாவளி விலைக்கு விற்றிருப்பேன் என்று வாதிப்பதில் பயனில்லை.

நஷ்டம் நேர்ந்தால் நனைந்த சரக்கை உடனே வாரிக் குப்பையில் கொட்டுகிறார்கள். நாறும் சரக்கை வைத்திருக்க முடியாதுதான். ஆயினும் கம்பெனிக்கு அறிவித்துப் படம் பிடித்து, எண்ணிக்கை எழுதி வைத்துப் பிறகு அகற்றவேண்டும். ஒரு வரம்புக்கு மேற்பட்ட நஷ்டத்தை லைசென்ஸ் பெற்ற சர்வேயர் வந்து மதிப்பிட்ட பின்பே பணம் வரும். அவர் முதலில் கேட்பது நாள்வழியும் பேரேடும். அவையும் கீழ்த் தட்டில் இருந்து நனைந்து போயிருந்தால்? இக்காலத்தில் ஜி.எஸ்.டி. கணக்கு ஓரளவு உதவும். கணக்கில் வராத சரக்குக்கு அதுவும் உதவாது. இதை மேலும் விரிக்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறோம்.

குற்றம் முழுவதும் வர்த்தகருடையது என்று நாம் சொல்லவில்லை. 1850-ம் வருஷம் கல்கத்தாவில் டிரைட்டன் கம்பெனி ஏற்பட்டபோது இத்தொழில் அந்நியருடையது. 1907-ல் இந்தியன் மெர்க்கண்டைல் கம்பெனி வந்த பிறகே, எல்லா வகைப் பொது இன்ஷியூரன்ஸையும் இந்தியரே நடத்தும் காலம் பிறந்தது. 1973-ல் 107 கம்பெனிகள் தேசத்தின் உடைமையாகி நான்காக அமைந்தபோது அவற்றில் ஒன்றான யுனைட்டெட் இந்தியாவின் தலைமையிடம் நம் சென்னையிலேயே அமைந்தது. 2000-க்குப் பின் தனியார் கம்பெனிகளும் வந்துவிட்டன. அந்நியர் ஆட்சி போயும் பாலிஸி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. மல்லாட்டை வியாபாரம் செய்யும் ஒருவர் தம் முதல் முழுவதையும் ஒப்படைக்கும் தஸ்தாவேஜு அவர் தாய்மொழியில் இருக்கவேண்டுமென்று கேட்பது பேராசையா? மாதிரிப் பாலிஸியின் வாசகம் நாடு முழுவதற்கும் ஒன்றாயிருக்கும்போது, அதை ஒரு தடவை செவ்வையாகத் தமிழாக்கினால் போதும்.

வரியையும் சொல்லவேண்டும். 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் தனி நபரின் ஆயுள், வைத்திய இன்ஷியூரன்ஸுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. கடைச் சரக்குப் பாலிஸிக்கு 18 சதவீதம் நீங்கவில்லை. பெரிய வியாபாரி அதைத் தம் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளுவார். காம்பொஸிஷன் முறையில் வரி கட்டும் சிறு கடைக்காரருக்குக் கழிக்க வழியில்லை. வெள்ளம் வந்தால் நிவாரணம் தரக் கடமைப்பட்ட சர்க்கார், நிவாரணத்தை எதிர்பாராமல் முன்ஜாக்கிரதையாக இருக்க முயலுபவனிடம் வரி வாங்குவது விசித்திரமே.

பிரீமியம் கைக்கு வருமுன் கம்பெனி ஆபத்தை ஏற்கலாகாதென்பது 1938-ம் வருஷத்து இன்ஷியூரன்ஸ் சட்டத்திலுள்ள விதி. வங்கக் கடலில் சின்னம் தோன்றியதாக ரேடியோ சொன்ன பிறகு ஓடினால், பணம் கையிலிருந்தாலும் ஏற்பதற்குக் கம்பெனியார் தயங்குவர். ஆதலால் ஐப்பசி மழைக்கு வெகு முன்னரே, ஆடி மாதத்திலேயே, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வர்த்தகர் சங்கத்தார் ஒரு நாள் கூடவேண்டும். கம்பெனியாரையும் பாங்கிக்காரரையும் ஒரு சர்வேயரையும் அழைத்து உட்காரவைத்து, ஒவ்வொருவர் பாலிஸியையும் விரித்துத் தொகை, விலாசம், சரக்கின் விவரம் மூன்றையும் திருத்த வேண்டும். பாங்கிக்காரர் புதுப்பிக்கும்போது அன்றைய சரக்கின் மதிப்பைக் கேட்டு எழுதட்டும். பாலிஸியின் பிரதியைக் கடைக்காரரிடம் கொடுக்கட்டும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்கள் வக்கீலைத் தேடுமுன் ஒன்றை அறியவேண்டும். முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், சென்னையிலுள்ள இன்ஷியூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கு ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யலாம். தனி முதலாளியின் கடைக்கும் குறுந்தொழிலுக்கும் அங்கே இடமுண்டு. 50 லட்சம் ரூபாய் வரையில் தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. மனுவைத் தமிழில் எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதிக் கொடுப்பதற்கு இரண்டு இளைஞர்களை நியமித்தால், போன வெள்ளத்தில் கடிதத்தோடு கைவிட்டவர்களுக்கு அடுத்த தடவையாவது துணை இருக்கும்.