காபிப் பழத்தோலில் ஒரு பானம்: கழிவு வருமானமாக மாறுமா?

பெங்களூரு: நாள்தோறும் காபி அருந்துவோரில் பலர் காபிப் பழத்தைக் கண்டதில்லை. செந்நிறத்தில் கனியும் அப்பழத்தில் சந்தைக்கு வருவது உள்ளிருக்கும் கொட்டை மட்டுமே. தோலும் சதையும் தோட்டத்திலேயே கழிவாக ஒதுக்கப்படுகின்றன. அந்தத் தோலை உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் பானத்தைக் கர்நாடகத்தின் சில தோட்டங்களும் சிறப்புக் காபி விற்பனையாளர்களும் 'கஸ்காரா' என்ற பெயரில் விற்கத் தொடங்கியுள்ளனர். தோல் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. பெயரில் காபி இருந்தாலும், சுவையில் இப்பானம் தேநீருக்கும் உலர்பழச் சாற்றுக்கும் இடைப்பட்டது.

சத்துள்ள பானம், கழிவு குறைந்த விவசாயம், விவசாயிக்குக் கூடுதல் வருமானம் என மூன்று நன்மைகள் இதற்குக் கூறப்படுகின்றன. மூன்றும் சாத்தியமானவையே. ஆனால், மூன்றில் எதுவும் தானாகக் கைகூடாது.

கழிவின் அளவு

இந்தியா ஆண்டுதோறும் ஏறத்தாழ 3.5 லட்சம் டன் காபிக்கொட்டையை விளைவிக்கிறது. இதில் சுமார் 70 விழுக்காடு கர்நாடகத்தின் பங்கு; கேரளமும் தமிழ்நாடும் அடுத்த இடங்களில் உள்ளன. ஒரு கிலோ அரபிகா கொட்டை பெறுவதற்கு ஐந்து முதல் ஆறு கிலோ பழம் தேவை. பறித்த பழத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தோலும் சதையுமே.

அரபிகாவின் பெரும்பகுதி நீரில் கழுவிப் பதப்படுத்தப்படுகிறது. அப்போது வெளியேறும் சர்க்கரை கலந்த கழிவுநீரும் அழுகும் தோலும் ஓடைகளில் சேர்ந்தால், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மடிகின்றன. காவிரி பிறக்கும் குடகு மாவட்டம் நாட்டின் முதன்மையான காபி மாவட்டங்களுள் ஒன்று என்பதால், இது தோட்ட எல்லையோடு முடிந்துவிடும் சிக்கல் அல்ல.

யேமனில் பழைய வழக்கம்

இந்தப் பானம் புதிய கண்டுபிடிப்பு அன்று. உலர்ந்த காபித் தோலுடன் இஞ்சி சேர்த்துக் கொதிக்கவைக்கும் 'கிஷ்ர்' யேமன் நாட்டின் அன்றாடப் பானம். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி துறவி யேமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு காபி விதைகளைக் கொண்டுவந்து, இன்றைய சிக்கமகளூரு மலையில் நட்டார் என்பது மரபுச் செய்தி. விதை இங்கே வேரூன்றியது; தோலைப் பருகும் வழக்கம் வேரூன்றவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் உலர்ந்த காபிப் பழச்சதையைப் பானங்களில் பயன்படுத்த அனுமதி அளித்தது. பிற நாடுகளின் மரபு உணவு என்ற பிரிவின்கீழ் இந்த அனுமதி வழங்கப்பட்டது. இதனால் இந்தியத் தோட்டங்களுக்கும் ஏற்றுமதி வாய்ப்பு திறந்துள்ளது. அதே வேளையில், தோலையும் உணவுப் பொருளுக்குரிய கண்டிப்புடன் கையாள வேண்டிய கடமை கூடியுள்ளது.

சத்து எவ்வளவு?

காபித் தோலில் குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள், பொட்டாசியம், நார்ச்சத்து ஆகியவை உள்ளன. ஆனால், ஊறவைத்து வடிக்கும்போது நீரில் கரைபவை மட்டுமே கோப்பைக்கு வருகின்றன. நார்ச்சத்தின் பெரும்பகுதி வடிகட்டியில் தங்கிவிடுகிறது. அதைப் பெற வேண்டுமெனில் தோலை மாவாக அரைத்து உணவில் சேர்க்க வேண்டும். புரதத்துக்காக நாடத்தக்க பானமும் அன்று இது.

காபியைவிடக் குறைவாக இருந்தாலும், கஃபீன் இதிலும் உண்டு. எனவே 'மூலிகைத் தேநீர்' என்று எண்ணிக் குழந்தைகளுக்குக் கொடுப்பது சரியன்று. கருவுற்ற பெண்களும் அளவறிந்து பருக வேண்டும். உணவுப் பொருள்களின் நலன் குறித்த விளம்பரங்களுக்கு அறிவியல் ஆதாரம் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. கஸ்காரா உறைகளில் இடம்பெறும் வாசகங்களுக்கும் இது பொருந்தும்.

சத்தைவிட முதன்மையான கேள்வி தூய்மை. சர்க்கரையும் ஈரமும் மிகுந்த தோல், உரித்த சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். உலர்த்துவதில் தாமதம் ஏற்பட்டால் பூஞ்சை பிடித்து, ஓக்ராடாக்சின் போன்ற நச்சுகள் உருவாகக் கூடும். பூச்சிக்கொல்லி எச்சமும் முதலில் தங்குவது பழத்தின் மேற்புறத்திலேயே. குப்பைமேட்டிலிருந்து அள்ளிய தோல் எவ்வளவு காய்ந்தாலும் பானத்துக்கு ஆகாது.

யாருக்கு வருமானம்?

நூறு கிலோ அரபிகா பழத்தில் கிடைக்கும் நாற்பது கிலோ தோலிலும் சதையிலும் முக்கால் பங்குக்கு மேல் நீர். உலர்த்தினால் எஞ்சுவது ஏறத்தாழ பத்து கிலோ. இதற்காக இயந்திரத்தைக் கழுவி வைக்கவும், மேடைகள் அமைக்கவும், கொட்டை காயும் அதே பருவத்தில் கூடுதல் ஆட்களை அமர்த்தவும் வேண்டும். ஆய்வகச் சோதனைக்கும் செலவு உண்டு.

பெரிய தோட்டங்கள் இதைத் தாங்கும். ஆனால், நாட்டின் காபி விவசாயிகளில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் 10 ஹெக்டேருக்குக் குறைவான நிலம் வைத்திருப்போர். அவர்களுள் பழத்தை அப்படியே விற்றுவிடுபவருக்குத் தோலும் பழத்தோடு போய்விடுகிறது. தோலுக்கெனத் தனி விலை வகுக்கப்படாதவரை, கஸ்காராவின் லாபம் பழத்தை வாங்குபவரையே சேரும். ஆந்திரத்தின் அரக்கு பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகளிடம் பழமாகவே கொள்முதல் செய்து, பொது ஆலையில் பதப்படுத்தும் முறை நடைமுறையில் உள்ளது. அத்தகைய கூட்டு அமைப்புகள் உலர்த்தும் மேடையையும் சோதனைச் செலவையும் பகிர்ந்துகொண்டால், தோலின் விலையிலும் சிறு விவசாயிக்குப் பங்கு கிடைக்கும்.

மண்ணின் பங்கு

காபித் தோல் முற்றிலும் பயனற்றதும் அன்று. மக்கவைத்தால் அது பொட்டாஷ் மிகுந்த உரமாகிறது. பொட்டாஷ் தேவைக்கு இந்தியா ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதியையே நம்பியிருக்கும் நிலையில், தோல் முழுவதையும் விற்கும் விவசாயி, மண் இழந்ததை ஈடுசெய்ய உரம் வாங்க வேண்டியிருக்கும். பழுத்த, நோயற்ற பழத்தின் தோலைப் பானத்துக்குப் பிரித்தெடுத்து, எஞ்சியதை முறையாக மக்கவைத்து மண்ணுக்குத் திருப்புவதே அறிவார்ந்த வழி.

ஆகவே, கஸ்காராவின் எதிர்காலம் நகரத்துக் காபிக் கடைகளின் விலைப்பட்டியலைக் காட்டிலும் தோட்டத்தின் உலர்களத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. பழம் உரிக்கப்படும் நொடியிலிருந்தே தோலை உணவாக மதிப்பதும், அதற்கு விவசாயியின் கணக்கில் ஒரு விலை எழுதப்படுவதும் நடந்தால்தான் கழிவு வருமானமாக மாறும்.